ஆர்க்காம் ஹாரர் கார்டு கேம்: புதிதாக வருபவர்கள் தங்கள் முதல் டெக்கை அமைப்பது எப்படி

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துத் தமிழ்க்காரர்களும், சித்தூரிலிருந்து வரும் மலையாள நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து ஆடும் மேசை எங்களுடையது. அங்கே புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ரூல் புத்தகத்தில் சொன்ன தயார் டெக்கை (கார்டுக் கட்டை) விட்டுவிட்டு நானே ஒன்று அமைக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?" அவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு நான்கு வரி. 2016இல் ஃபேன்டசி ஃப்ளைட் கேம்ஸ் வெளியிட்டது. நேட் ஃப்ரெஞ்சும் எம்.ஜே. நியூமேனும் வடிவமைத்தார்கள். 1920களில், ஆர்க்காம் என்ற கற்பனை ஊரில், நாம் எல்லோரும் ஒரே அணியாக நின்று ஆட்டத்துக்கு எதிராக ஆடுகிறோம். 2021இல் வந்த திருத்திய கோர் செட் (அடிப்படைப் பெட்டி) ஒன்று கையில் இருந்தால் நான்கு பேர் வரை ஆடலாம். இனி நான் சொல்லும் கார்டுகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருப்பவை.

டெக்கின் சட்டம் எளிது. நாம் ஏற்று ஆடும் ரோலண்ட், டெய்ஸி போன்ற பாத்திரங்களுக்கு 30 கார்டுகள். ஒரே பெயருள்ள கார்டு இரண்டுக்கு மேல் கூடாது. முதல் கதைக்கு லெவல் 0 கார்டுகள் மட்டும். அதோடு அந்த ஆளுக்கே உரிய கார்டு ஒன்று, அவருக்கே உரிய பலவீனம் (நமக்கே எதிராக வேலை செய்யும் கார்டு) ஒன்று, குலுக்கி எடுக்கும் பொதுப் பலவீனம் ஒன்று சேரும். ஆக, கையில் பிடிப்பது 33.

முதலில் யார் யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள்

பெட்டியைத் திறந்ததும் நல்ல கார்டாகப் பொறுக்க ஆரம்பிக்காதீர்கள். எதிரில் யார் உட்காருகிறார், அவர் என்ன செய்யப் போகிறார் என்று கேளுங்கள். இந்த ஆட்டத்தில் பெரிய வேலை இரண்டுதான்: எதிரியை அடித்துப்போடுவது, துப்புகளைச் சேர்ப்பது. பெரும்பாலான கதைகளில் துப்பு சேர்ந்தால்தான் கதை நகரும். எதிரியைக் கவனிக்காவிட்டால் துப்பு சேர்க்க விடமாட்டான்.

புதியவர்கள் தங்கள் டெக்கிலேயே இரண்டையும் சரிபாதியாகப் போட்டு, அதைத்தான் சமநிலை என்று நினைக்கிறார்கள். அப்படிப்பட்ட டெக் எதிரி வரும்போது பூதக்கண்ணாடியைக் கையில் வைத்திருக்கும், துப்பு எடுக்க வேண்டிய நேரத்தில் துப்பாக்கியைப் பிடித்திருக்கும். இருவர் ஆடினால் ஒருவர் அடிக்கட்டும், ஒருவர் தேடட்டும். இருவரின் டெக்கும் சேர்ந்த பிறகு சமநிலை வந்தால் போதும். மூன்றாவது ஆள் வந்தால் அவர் இரண்டிலும் கொஞ்சம் கைகொடுக்கலாம். தனியாக ஆடுகிறவர் மட்டும்தான் இரண்டு வேலையையும் ஒரே டெக்கில் கொண்டுவர வேண்டும், அதற்குக் கோர் செட்டில் ரோலண்ட் பேங்க்ஸ் பொருத்தமானவர்.

முதலமடை மாங்காய் சீசன் வந்தால் எங்கள் மேசையில் நால்வர் இருவராகிவிடுவோம். நால்வருக்காக அமைத்த டெக் இருவருக்கு அப்படியே ஒத்துவராது. அதனால் யார் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு டெக்கை இறுதி செய்யுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

ஒவ்வொரு ஆளுக்கும் நான்கு திறன் எண்கள் உண்டு: வில்பவர், இன்டெலெக்ட், காம்பட், அஜிலிட்டி. 4 அல்லது 5 எது என்று பாருங்கள், அதுதான் உங்கள் வேலை. ரோலண்ட் கார்டியன் (அடிப்பவர்) வகுப்பு: 3, 3, 4, 2. ஹெல்த் (உடல் வலு) 9, சானிட்டி (மனத் திடம்) 5. அவர் சீக்கர் (தேடுபவர்) கார்டுகளையும் லெவல் 2 வரை எடுக்கலாம். டெய்ஸி வாக்கர் சீக்கர் வகுப்பு: 3, 5, 2, 2. ஹெல்த் 5, சானிட்டி 9. அவருக்கு மிஸ்டிக் (மந்திரக்காரர்) கார்டுகள் லெவல் 2 வரை. முதல் ஜோடிக்கு இவர்கள் இருவரையும்தான் நான் சொல்வேன். ஸ்கிட்ஸ், ஆக்னஸ், வெண்டி மூவரும் நல்ல ஆட்கள்தான், ஆனால் அவர்களை ஓட்டுவதற்கு ஆட்டம் கொஞ்சம் பிடிபட்டிருக்க வேண்டும்.

பைக்குள் என்ன இருக்கிறது

டெக் அமைப்பதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி. இதைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் தாமாக வரும்.

எந்தச் சோதனைக்கும் நம் திறனையும் தேவையான எண்ணையும் ஒப்பிட்டு, பையிலிருந்து ஒரு டோக்கன் எடுத்து அதன் எண்ணை நம் திறனோடு கூட்டுகிறோம். நாங்கள் வீட்டில் பாட்டி காலத்துச் சுருக்குப்பையைத்தான் பயன்படுத்துகிறோம், கை நுழைய வசதி. முதல் தொடருக்கு ஸ்டாண்டர்ட் கடின அளவில் பையில் இருப்பது 16 டோக்கன்: +1 ஒன்று, 0 இரண்டு, -1 மூன்று, -2 இரண்டு, -3 ஒன்று, -4 ஒன்று, மண்டையோடு இரண்டு, கல்டிஸ்ட் ஒன்று, டேப்லெட் ஒன்று, தானாகவே தோற்கவைக்கும் டோக்கன் ஒன்று, நமக்குச் சாதகமான எல்டர் சைன் ஒன்று.

முதல் கதையில் மண்டையோட்டின் மதிப்பு, நாம் நிற்கும் இடத்தில் எத்தனை கூல் (ghoul, பிணம் தின்னும் பூதம்) இருக்கிறதோ அத்தனை குறைவு. கல்டிஸ்ட் -1, டேப்லெட் -2. கூல் எதுவும் இல்லாத இடத்தில் நிற்பதாக வைத்துக் கணக்குப் போடலாம். நம் திறன் தேவையான எண்ணுக்குச் சமமாக இருந்தால் 16இல் 6 டோக்கன்தான் நமக்குச் சாதகம். ஒன்று கூடுதலாக இருந்தால் 10. இரண்டு கூடுதலாக இருந்தால் 13. மூன்று கூடினால் 14, நான்கு கூடினால் 15. அதற்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் தோற்கவைக்கும் அந்த ஒரு டோக்கன் பையில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

முதல் இரண்டு புள்ளிகள் ஏழு டோக்கன்களை வாங்கித் தருகின்றன, அடுத்த இரண்டு புள்ளிகள் இரண்டைத்தான் தருகின்றன. அதனால் உங்கள் முக்கிய வேலையில் எப்போதும் "தேவையைவிட இரண்டு கூடுதல்" என்ற நிலைக்கு வருவதுதான் டெக்கின் குறிக்கோள். அதைத் தாண்டிப் போடும் கார்டு பெரும்பாலும் வீண்.

ஓர் உதாரணம். முதல் கதையில் வரும் செல்லார் என்ற இடத்தில் துப்பு எடுக்கத் தேவையான எண் 4. டெய்ஸிக்கு 5, அதாவது ஒன்று கூடுதல், 10 டோக்கன் சாதகம். பூதக்கண்ணாடியை இறக்கினால் 13. அந்தக் கார்டின் விலை 1 ரிசோர்ஸ் (ஆட்டத்தின் காசு) தான், ஆக்ஷனும் செலவாகாது. அதே இடத்தில் ரோலண்ட் தேடினால் அவருக்கு 3, ஒன்று குறைவு. 16இல் 2 டோக்கன்தான் அவருக்கு உதவும். பூதக்கண்ணாடி கொடுத்தாலும் 6. அவர் டெக்கில் அந்தக் கண்ணாடியைப் போடுவதைவிட டெய்ஸியைச் செல்லாருக்குப் போகச் சொல்லி, ரோலண்ட் அவருக்குக் காவலாகப் போவதுதான் புத்திசாலித்தனம்.

ஆயுதம் எத்தனை வேண்டும்

அடிக்கும் ஆளுக்கு முதல் கையிலேயே ஆயுதம் வர வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது 5 கார்டு எடுக்கிறோம். பிடிக்காதவற்றை ஒரு முறை ஒதுக்கி, அத்தனைக்கு அத்தனை வேறு எடுக்கலாம். பலவீனம் வந்தால் அதைத் தள்ளிவைத்து வேறு எடுத்துக்கொள்கிறோம். ஐந்தையும் மாற்றினால், பலவீனம் போக மீதமுள்ள 31 கார்டுகளில் 10 கார்டை நாம் பார்த்துவிடுகிறோம்.

டெக்கில் ஆயுதம் இரண்டே இருந்தால், அந்தப் பத்தில் ஒன்றாவது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 55 சதவீதம். ஐந்து ஆயுதம் இருந்தால் 88. ஆறு இருந்தால் 92ஐத் தாண்டும். ரோலண்டுக்கென்றே ஒரு .38 ஸ்பெஷல் துப்பாக்கி வருகிறது. அதோடு .45 ஆட்டோமேடிக் இரண்டு, மச்செட்டி இரண்டு, கத்தி இரண்டு. ஏழாகிவிட்டது. முதல் கையில் ஆயுதம் இல்லையென்றால், வேறு எவ்வளவு அழகான கையாக இருந்தாலும் தயங்காமல் மாற்றுங்கள்.

தேடும் ஆளுக்கும் இதே கணக்குத்தான். பூதக்கண்ணாடி இரண்டு, டாக்டர் மிலன் இரண்டு, டிடக்ஷன் இரண்டு, பெர்செப்ஷன் இரண்டு என்று ஒரே நோக்கமுள்ள கார்டுகள் குறைந்தது எட்டு இருக்கட்டும்.

கை இரண்டுதான் என்பதையும் மறக்க வேண்டாம். ஆட்களுக்கு இரண்டு கை, ஒரே ஒரு கூட்டாளி, ஒரு உடல், ஓர் ஆபரணம், இரண்டு மந்திர இடம். கூட்டாளி கார்டு எட்டுப் போட்டுவிட்டு மேசையில் ஒன்றை மட்டும் வைத்து ஆடுகிறவர்கள் உண்டு. நான்கு போதும்.

காசுக் கணக்கு

தொடக்கத்தில் 5 ரிசோர்ஸ். ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒன்று வரும். .45 விலை 4, பீட் காப் என்ற கூட்டாளியின் விலை 4. இரண்டையும் இறக்க 8 வேண்டும். வேறு எதற்கும் செலவு செய்யாமல் இருந்தால் நான்காவது சுற்றில்தான் கையில் 8 சேரும். விலை 4 உள்ள கார்டுகளை அடுக்கிக்கொண்டே போனால் கை நிறைய கார்டு, மேசை காலி என்று உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சோதனையின்போது நம் எண்ணைக் கூட்டச் சேர்க்கும், விலையே இல்லாத திறன் கார்டுகளும், சும்மா இறக்கி 3 ரிசோர்ஸ் எடுக்கும் எமர்ஜென்சி கேஷும் அதற்காகத்தான் டெக்கில் இருக்க வேண்டும். எட்டுக் கார்டு வரை திறன் கார்டாக இருந்தால் காசு மூச்சுவிடும்.

இன்னொன்று. எதிரி நம்மோடு ஒட்டிக்கொண்ட பிறகு ஆயுதத்தை இறக்கினால், அவன் ஓர் அடி அடித்துவிட்டுத்தான் இறக்கவிடுவான். அதனால் ஆயுதத்தை முன்கூட்டியே இறக்குங்கள், அதற்கான காசைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வையுங்கள்.

பலவீனமான பக்கத்தை அடைப்பது

வேலையை ஒன்றாகக் குறுக்கிக்கொள்ளலாம், ஆனால் ஆட்டம் நம்மைத் தாக்கும் பக்கங்களை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டாவது சுற்றிலிருந்து ஒவ்வொருவரும் சுற்றுக்கு ஒரு என்கவுன்டர் கார்டு (ஆட்டம் நமக்கு எதிராக விடும் கார்டு) எடுத்தே ஆக வேண்டும். ராட்டிங் ரிமெய்ன்ஸ் என்று ஒன்று வரும்: வில்பவர் 3 சோதனை, எத்தனை புள்ளியில் தோற்கிறோமோ அத்தனை ஹாரர் (சானிட்டிக்கு விழும் அடி). ரோலண்டின் வில்பவர் 3, அதாவது சமநிலை, 16இல் 6. சானிட்டியோ 5தான். உடம்பில் கீறல்கூட இல்லாமல் மனம் உடைந்து ரோலண்ட் வெளியேறுவதை எங்கள் மேசையில் பார்த்திருக்கிறோம்.

அதற்கு மருந்து: கட்ஸ் இரண்டு, வில்பவர் குறி இரண்டு தரும், வென்றால் ஒரு கார்டும் எடுக்கலாம். அன்எக்ஸ்பெக்டட் கரேஜ் இரண்டு, எந்தத் திறனுக்கும் சேரும். அப்புறம் கூட்டாளிகள். பீட் காப் 2 டேமேஜும் 2 ஹாரரும் தாங்குவார். காவல் நாய் 3 டேமேஜும் 1 ஹாரரும் தாங்கும். கூட்டாளியை அடிப்பதற்கு உதவி என்று மட்டும் பார்க்காமல், நமக்கு முன்னால் நின்று அடி வாங்குபவராகவும் பாருங்கள்.

ரோலண்டின் சொந்தப் பலவீனம் கவர் அப். அது வந்ததும் அதன்மேல் 3 துப்பு வைக்கப்படும். நாம் நம் இடத்தில் துப்பு எடுக்கும்போது, அதற்குப் பதிலாக இதிலிருந்து கழிக்கலாம். ஆட்டம் முடியும்போது மிச்சம் இருந்தால் ஒரு மன ட்ராமா, அடுத்த கதைக்கும் தொடரும். ரோலண்ட் டெக்கில் வொர்க்கிங் எ ஹஞ்ச் இரண்டும் எவிடன்ஸ் இரண்டும் நான் போடச் சொல்வதற்கு இதுதான் காரணம். இரண்டும் சோதனை இல்லாமலே துப்பு தரும். பொதுப் பலவீனத்தில் பாரனோயா வந்தால் சேர்த்த ரிசோர்ஸ் எல்லாம் போய்விடும், அம்னீசியா வந்தால் கையில் ஒரு கார்டுதான் மிஞ்சும். பதுக்கி வைக்காமல் இறக்கிவிடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகவும்தான்.

முப்பதை எண்ணி அடுக்கலாம்

சரி, இப்போது டெய்ஸியோடு ஆடும் ஒரு ரோலண்ட் டெக். .45 ஆட்டோமேடிக், மச்செட்டி, கத்தி, பீட் காப், காவல் நாய் ஐந்தும் இரண்டிரண்டு: 10. எவிடன்ஸ், டாட்ஜ், வொர்க்கிங் எ ஹஞ்ச் இரண்டிரண்டு: 16. விஷியஸ் ப்ளோ, ஓவர்பவர், கட்ஸ், அன்எக்ஸ்பெக்டட் கரேஜ் இரண்டிரண்டு: 24. எமர்ஜென்சி கேஷ், ஃபிசிகல் ட்ரெய்னிங் இரண்டிரண்டு: 28. டைனமைட் பிளாஸ்ட் ஒன்று, ஃபர்ஸ்ட் எய்டு ஒன்று: 30.

மொத்தம் 16 வகை கார்டுதான். இது தற்செயல் அல்ல. கார்டில் இருப்பதெல்லாம் ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் படித்தவரும் மலையாள மீடியத்தில் படித்தவரும் அடுத்தடுத்து உட்காரும் எங்கள் பக்கத்து மேசையில், ஒவ்வொரு கார்டாக நிறுத்தி எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தால் ஆட்டத்தின் பயமே கலைந்துவிடும். எல்லாவற்றையும் இரண்டிரண்டாகப் போட்டால் படிக்க வேண்டியது பாதியாகிறது, இரண்டாவது ஆட்டத்துக்குள் கார்டின் படத்தைப் பார்த்தே வேலையைச் சொல்லிவிடுவார்கள். கார்டு அடிக்கடி வருவதால் ஆட்டமும் ஒரே சீராக இருக்கும். முதல் நாளில் 30 வகை கார்டு போட்ட டெக்கை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஒரே பெட்டியிலிருந்து இருவர் எடுக்கும்போது மோதல் வரும். மேலே சொன்ன ரோலண்ட் இரண்டு ஹஞ்சையும் எடுத்துவிட்டார், டெய்ஸிக்கு அது இல்லை. பரவாயில்லை, டெய்ஸிக்கு 5 இன்டெலெக்ட் இருக்கிறது, சோதனை செய்தே எடுப்பார். யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு விடுங்கள். கட்ஸ் போன்ற பொதுக் கார்டுகளையும் இப்படியே பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கார்டுகளுக்கு உறை போடுங்கள், 63.5 × 88 மில்லிமீட்டர் அளவு. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மழை ஈரமும் சேர்ந்தால் கார்டு வளைந்துவிடும். வளைந்த கார்டு எது என்று பின்பக்கத்திலிருந்தே தெரிந்துவிட்டால் பலவீனம் எப்போது வரும் என்பதும் தெரிந்துவிடும். அந்த மாதங்களில் திண்ணையில் ஆடவும் வேண்டாம்.

ஆடுவதற்கு முன் ஒரு சோதனை

டெக்கைக் குலுக்கி 5 கார்டு எடுங்கள். முதல் இரண்டு சுற்றில் என்ன செய்வேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆயுதம் இறங்குமா, காசு போதுமா, வில்பவர் சோதனை வந்தால் கையில் ஏதாவது இருக்கிறதா? மறுபடி குலுக்குங்கள். சில முறை செய்தாலே, எந்தக் கார்டைப் பார்க்கும்போதெல்லாம் "இது இப்போது வேண்டாமே" என்று தோன்றுகிறதோ அது தெரிந்துவிடும். அதை எடுத்துவிட்டு வேறு போடுங்கள்.

இன்னும் உறுதியான சோதனை வேண்டுமென்றால், முதல் கதையின் கடைசியில் வரும் எதிரியோடு டெக்கை ஒப்பிடலாம். கதை தெரியக் கூடாது என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

கூல் ப்ரீஸ்ட். அடிக்கத் தேவையான எண் 4, ஹெல்த் ஆளுக்கு 5, இருவர் ஆடினால் 10. காம்பட் அதிகமுள்ளவரைத்தான் தேடி வருவான், அதாவது ரோலண்டை. அடி தவறினால் அவன் திருப்பி அடிப்பான்: 2 டேமேஜ், 2 ஹாரர். ரோலண்டின் 4, .45 தரும் 1, பீட் காப் தரும் 1, ஆக 6. தேவையைவிட இரண்டு கூடுதல், 13 டோக்கன் சாதகம். அவனே ஒரு கூல் என்பதால் மண்டையோடு -1 ஆகும், அதையும் தாங்கும். ஆனால் .45இல் குண்டு நான்குதான், ஒவ்வொன்றும் 2 டேமேஜ், எல்லாம் பட்டாலும் 8. மிச்சம் இரண்டுக்கு விஷியஸ் ப்ளோ இரண்டு வேண்டும், அல்லது இரண்டாவது கையில் மச்செட்டி வேண்டும். வேறு எதிரி நம்மோடு ஒட்டியிராவிட்டால் மச்செட்டியும் 2 டேமேஜ் தரும், குண்டு தீரும் கவலையும் இல்லை. ஓர் அடி தவறினால் டாட்ஜ் காப்பாற்றும். ஒரே இடத்தில் நின்றால் டெய்ஸியும் ரோலண்டின் அடிக்கு ஒரு கார்டு சேர்க்கலாம், அதற்காக அவரும் ஒரு காம்பட் குறியைக் கையில் வைத்திருக்கட்டும். உங்கள் டெக்கிலிருந்து இப்படி 10 டேமேஜை எழுதிக் கூட்டிக்காட்ட முடிகிறதா? முடிந்தால் டெக் தயார்.

முதல் கதை முடிந்த பிறகு

கிடைத்த எக்ஸ்பீரியன்ஸ் புள்ளிகளைக் கொண்டு கார்டுகளை மாற்றலாம். டெக் 30ஐத் தாண்டாது, ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். அதே பெயரின் உயர் லெவலுக்கு மாறினால் லெவல் வித்தியாசம்தான் விலை. புதிய கார்டுக்கு அதன் லெவல், லெவல் 0 ஆனாலும் குறைந்தது 1.

முதல் செலவாக ரோலண்டுக்கு நான் சொல்வது பீட் காப் லெவல் 2. விலை 2 புள்ளி. லெவல் 0 பீட் காப்பை எதிரிக்கு 1 டேமேஜ் கொடுக்க வேண்டுமானால் தூக்கி எறிய வேண்டும். லெவல் 2 ஆனவர் தானே 1 டேமேஜ் வாங்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்வார், மேசையிலேயே இருப்பார், விலையும் ஒரு ரிசோர்ஸ் குறைவு. புள்ளி மிஞ்சினால் எக்ஸ்ட்ரா அம்யூனிஷன் லெவல் 1. டெய்ஸிக்கு அவசரம் இல்லை, அவர் புள்ளியைச் சேர்த்து வைக்கலாம்.

இரண்டாவது கதையான தி மிட்நைட் மாஸ்க்ஸில் ஊர் முழுக்கச் சுற்றி ஆட்களைத் தேட வேண்டியிருக்கும். இருவரும் ஒரே இடத்தில் நிற்பது குறையும், ரோலண்ட் காவலுக்குப் பக்கத்தில் இருப்பார் என்று டெய்ஸி நம்பியிருக்க முடியாது. அந்தக் கதைக்குப் போகும் முன் டெய்ஸி டெக்கில் தனியாகச் சமாளிக்க ஏதாவது சேருங்கள். மைண்ட் ஓவர் மேட்டர் இரண்டு போட்டால் ஒரு சுற்று முழுக்க காம்பட்டுக்கும் அஜிலிட்டிக்கும் பதிலாக அவருடைய 5 இன்டெலெக்டை வைத்தே ஆடலாம். மிஸ்டிக் பக்கத்திலிருந்து ஷ்ரிவலிங் எடுக்கலாமே என்று கேட்பார்கள். அது வில்பவரைக் கொண்டு அடிப்பது, டெய்ஸிக்கு வில்பவர் 3தான். மேலே சொன்ன பைக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.